துரைமேல் மக்கீன் போட்ட வழக்கு

என் கணவர் மக்கீனுக்கு அல்லாஹ் கொடுத்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: வாய். பெண் பார்க்க வந்த அன்றே அவர் பேச்சைக் கேட்டு என் வாப்பா களைத்துப்போய், ஆளை எழுப்பி அனுப்பினால் போதும் என்று சம்மதம் சொல்லிவிட்டார். முதலில் வில்கமுவ பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஏறுகிறவர்களோடு கதையளந்து, இறங்க வேண்டியவர்களை இறக்க மறந்து, அந்த வேலை போனது. பிறகுதான் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில் ஒரு ஸ்பைஸ் கார்டனில், வெள்ளைக்காரர்களுக்கு ஏலமும் கறுவாவும் காட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வருகிறவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறவள் நான், நூருன்னிஸா. வேலையிலும் அவர் பேச்சு, வீட்டிலும் அவர் பேச்சு. என் காதுகளுக்கு லீவே கிடையாது.

கார்டனுக்குப் பின்னால், கொக்கோ மரங்களுக்கு அப்பால், தனியாக ஒரு கல்லறை இருக்கிறது. ஆர்தர் பெல்லமி, 1889, வயது இருபத்தாறு. கல்லில் அவ்வளவுதான் இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத்துரை யாரோ. ஒரு மழைநாளில், கொட்டகையில் ஒதுங்கி நின்ற கூட்டத்தில் ஒருவர் அந்தக் கல்லைப் பற்றி விளையாட்டாகக் கேட்டாராம். 1888இல் லண்டனில் ஏழைப் பெண்களை ஒருவர் பின் ஒருவராகக் கத்தியால் கொன்றானே ஒருவன், பிடிபடவே இல்லையே, அவன் ஓடிவந்து ஒளிந்த இடம் இதுவாக இருக்குமோ என்று.

மறுநாள் வந்த கூட்டத்துக்கு, அவன்தான் இவன் என்று என் மனுசன் அடித்துச் சொல்லிவிட்டார். அவர் வேலை செய்கிற விதமே அதுதான். நேற்று வந்தவர்கள் கேட்ட கேள்வி, இன்று வருகிறவர்களுக்குப் பதிலாகிவிடும். துரையிடம் கத்திப் பெட்டி இருந்ததா என்று ஓர் ஆஸ்திரேலியாக்காரர் கேட்டார். அடுத்த நாளே துரைக்குக் கத்திப் பெட்டி வந்தது. இடதுகைக்காரரா என்று ஒரு பிரெஞ்சுக்காரி கேட்டாள்; அன்றோடு துரையின் வலதுகை வேலையை நிறுத்திக்கொண்டது. கதை வளர்ந்தது, எங்கள் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். கதை கேட்டவர்கள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனதில்தான் இன்ஷாபும் ஜஸ்லாவும் படித்தார்கள். அதை நான் மறுக்கமாட்டேன்.

இந்த வருடம், கட்டாரில் இருக்கும் மகன் இன்ஷாப் வாப்பாவை ஹஜ்ஜுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் எல்லாரிடமும் மாப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ உங்களை நோகடித்திருந்தால் மன்னியுங்கள் என்று நேரில் போய், வாய்விட்டுக் கேட்க வேண்டும். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். மக்கீன் ஊரையே சுற்றினார். மீன்காரரிடம் கேட்டார், பழைய பஸ் டிரைவரிடம் கேட்டார். காணித் தகராறில் பேச்சை விட்டிருந்த மச்சானிடம் பல்லேபொல வரை போய்க் கேட்டு, அங்கேயே சோறும் தின்றுவிட்டு வந்தார். எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். இனிக் கேட்க ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் தேத்தண்ணியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நூரு, அந்தத் துரைக்கிட்ட எப்படி மாப்புக் கேக்கிறது?" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. மௌத்தாகி மண்ணுக்குள் போய், எதிர்த்துப் பேச முடியாத ஒரு மனிதரை, இத்தனை வருடமாக, வந்து போன அத்தனை பேர் முன்னாலும் கொலைகாரன் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பழியைத் தலையில் வைத்துக்கொண்டு கஃபாவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தப்பிக்க அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. துரை உண்மையிலேயே கொன்றிருந்தால் சொன்னது பழியாகாதே! எப்படியாவது அந்த ஆள் கொலைகாரனாக இருந்துவிட வேண்டும் என்று ஏங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டார் எங்கள் வருங்கால ஹாஜியார்.

அப்படியானால் வழக்கைச் சொல்லுங்கள், பார்ப்போம் என்றேன். பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டே நான் நீதவானாக உட்கார்ந்தேன்.

கத்திப் பெட்டி எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாக்காரரிடமிருந்து. தள்ளினேன். இடதுகை? பிரெஞ்சுக்காரி தந்தது. அதையும் தள்ளினேன். துரை தூக்கத்தில் அலறி எழும்புவாராமே, அது? அது அவரே சேர்த்ததாம், ஒரு ஜெர்மன் கூட்டம் கொட்டாவி விட்ட நாளில். துரையின் தோட்டத்தில் ஒரு பெண் காணாமல் போனாள் என்பீர்களே, அவள்? அவளையும் இவரேதான் காணாமல் போக்கியிருக்கிறார். அவளுக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார், பாவி மனுசன்.

கடைசியில் மிஞ்சியது கல்லில் இருக்கும் வருடம் மட்டும்தான். அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். லண்டனில் கொலைகள் நடந்தது 1888இல், இவர் மௌத்தானது 1889இல், இடையில் கப்பலேறி வந்திருக்கலாம்தானே என்றார்.

"வந்திருக்கலாம்ங்கிறது வேற, வந்தாருங்கிறது வேற," என்றேன். "அந்த வருசம் மாத்தளையில மௌத்தான எல்லாரையும் பிடிங்க அப்ப. உங்க மூத்தவாப்பாட வாப்பாவையும் சேத்துத்தான்."

அந்த லண்டன் பெண்களை நினைத்தும் எனக்குக் கோபம் வந்தது. அவர்களைக் கொன்றவன் எவனோ தப்பிப் போய்விட்டான். அவன் செய்ததை யாரோ ஒரு பையன் தலையில் இவர் கட்டி, அதைக் கேட்க வந்தவர்களுக்கு என்னை இஞ்சித் தேத்தண்ணியும் கொடுக்க வைத்திருக்கிறார். அதையும் முகத்துக்கு நேரே சொன்னேன். மக்கீன் பேசாமலிருந்ததை அன்றுதான் பார்த்தேன், எனக்கே பாவமாகிவிட்டது.

அடுத்த நாள் மௌலவியிடம் போய்க் கேட்டார். மௌத்தானவரிடம் மாப்புக் கேட்க முடியாது, கெட்டது சொன்ன அதே இடத்தில், அதேபோன்ற ஆட்கள் முன்னால் நல்லதைச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். மனுசன் இன்னும் வாடிப்போய் வந்தார். நல்லது சொல்ல துரையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? புதிதாக ஏதாவது கட்டிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயம். இனி ஒரு பொய் சொன்னால் தேத்தண்ணிக் கேத்திலை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று எச்சரித்து வைத்தேன்.

பயணத்துக்கு முந்திய கிழமை அவர் கடைசியாக வேலைக்கு வந்தார். கார்டன் முதலாளி ஸுஹைல், இந்தக் கதைக்காகவே வேன்கள் இங்கே நிற்கின்றன, மாற்றாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். மக்கீன் கேட்கவில்லை. வந்த கூட்டத்தைக் கொக்கோ மரங்களைத் தாண்டிக் கல்லறைக்கே கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணித் தட்டோடு நானும் பின்னால் போனேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: இந்த மனிதரைக் கொலைகாரன் என்று வருடக்கணக்காகச் சொன்னேன். அது பொய். அந்தப் பெண்களைக் கொன்றது யாரென்று எனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. இவர் பிறந்த ஊரை விட்டுத் தூரமாக வந்து, சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட்டார். அது மட்டும்தான் தெரியும்.

பிறகு நிறுத்தினார். இனி நல்லது ஒன்று சொல்ல வேண்டும்.

"என் ரெண்டு பிள்ளைகளும் இவர் பேராலதான் படிச்சாங்க," என்றார். "நான் எவ்வளவு கெட்டது சொல்லியும் இவர் ஒருநாளும் எங்க சோத்துல கைவைக்கல்ல."

என் கண் நிறைந்துவிட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கூட்டத்தில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரி, அப்படியென்றால் இவருக்கு எதிராக ஒரு சாட்சிகூட இல்லையா என்று மெல்லக் கேட்டாள்.

"ஒரு சாட்சி இருந்திச்சு, மேடம்," என்றார் மக்கீன். "அது நான்தான்."

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இவர் போகவில்லை. மௌலவி முடியாது என்று சொல்லியும், கல்லுக்கு முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்று, மீன்காரரிடம் கேட்டது மாதிரியே தமிழில் மாப்புக் கேட்டார். ஊரில் அத்தனை பேரும் மன்னித்தோம் என்று சொன்னபோது அழாதவர், அங்கே தேம்பித் தேம்பி அழுதார். தட்டில் ஒரு கோப்பை மிஞ்சியிருந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல், துரை ஏதாவது சொல்வார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.