அங்க அடையாளம்

எதிரே வருகிறவரின் முகத்தைத் தையல்காரர் பார்ப்பதில்லை. தோளைப் பார்க்கிறார். ஆவணக் காப்பகத்தின் படியேறும்போது காவலாளியின் தோள், வருகைப் பதிவில் குனிந்து கையெழுத்துப் போடுகிறவரின் தோள், பிறகு படிப்பறையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரின் தோள்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வணக்கம். காவலாளிக்கு வலது பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம். "துப்பாக்கி மாட்டுற பக்கமா சார்?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். காவலாளியிடம் துப்பாக்கி கிடையாது. டிபன் பைதான் உண்டு.

வயது அறுபத்திரண்டு. பஸ் நிலையத்துக்குப் பின்னால், பத்துக்கு எட்டு அறையில், நாற்பது வருஷமாகக் கடை. தையல் இயந்திரம் இரண்டு, ஓடுவது ஒன்று. உறவில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் ஊசி மாமா. கடைக்குச் செவ்வாய் விடுமுறை. பதினோரு மாதமாக எல்லாச் செவ்வாயும் காப்பகத்தில்தான் கழிகிறது.

"ஊசியில நூல் கோக்கணும்னா என்னைக் கூப்பிடுவாரு. நூத்திருபது வருஷத்துக்கு முந்தின கிறுக்கல் மட்டும் அவருக்குப் பளிச்சுனு தெரியும்" என்பது மனைவியின் கருத்து.

படிப்பறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும் என்பது பழைய விதி. இஞ்சு டேப் கூடாது என்பது அவருக்காகப் போட்ட விதி. வந்த இரண்டாம் வாரம் ஒரு கப்பல் பதிவேட்டின் முதுகை அளந்துகொண்டிருந்தபோது காப்பக அலுவலரான அம்மாள் பிடித்துவிட்டார்.

"பைண்டிங் பண்ணவன் இழுத்துத் தெச்சிட்டான் மேடம். அதான் நடுப்பக்கம் விரிய மாட்டேங்குது."

அலுவலர் டேப்பை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மாலையில் திருப்பித் தரும்போது, நடுப்பக்கம் விரிவதற்கு என்ன செய்யலாம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவரை அங்கே அனுப்பியது அக்கா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கி நூற்றிருபது வருஷம் ஆகப்போகிறது. அவர் வழியில் வந்த அத்தனை பேரையும் ஒரு மண்டபத்தில் கூட்டிவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். கொள்ளுத்தாத்தா தோட்டத்தில் கங்காணியாக இருந்து நூறு பேரை மேய்த்தவர் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. புகைப்படம் கிடையாது. "மீசை நல்லாப் பெருசா இருக்கட்டும்" என்று ஓவியரிடம் சொல்லி அக்கா ஒரு படம் வரைய வைத்தார். பதிவேட்டில் அவர் பெயர் உள்ள பக்கத்தின் நகல் ஒன்றுதான் பாக்கி. சட்டம் போட்டு மாட்டுவதற்கு. "போனோமா, வாங்கினோமான்னு வா. அங்க போய் யாரோடயும் கதை பேசிட்டு நிக்காத" என்று தம்பியை அனுப்பினார்.

தம்பி போனார். "எந்தப் பக்கம் வேணும்?" என்று அலுவலர் கேட்டார். அதே கப்பலில், அதே பெயரில், தகப்பன் பெயரும் ஒன்றாக, இரண்டு பேர் வந்திருந்தார்கள். எண் 118, எண் 341. அங்க அடையாளம் என்ற கட்டத்தை அலுவலர் படித்துச் சொன்னார். 118: உயரம் ஐந்தடி பத்து, அகன்ற மார்பு, தாடையில் தழும்பு. பின்னாளில் கங்காணி. 341: உயரம் ஐந்தடி இரண்டு, இடது தோள் இறக்கம். பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் ஒரு குறிப்பு: தோட்டத்திலிருந்து ஓடினான். பிடிபட்டான். மறுபடி ஓடினான். பிடிபட்டான். இரண்டு தடவையும் பிடித்துவந்தவர், கங்காணி, எண் 118. மூன்றாம் தடவை ஓடினான். அதோடு குறிப்பு முடிகிறது.

தையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேடம், அந்தத் தோளை மட்டும் இன்னொரு தரம் படிங்க."

அவருடைய குடும்பத்தில் எல்லாருக்கும் இடது தோள் அரை அங்குலம் இறக்கம். இது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தொழில் பழகி முதன்முதலாக அப்பாவுக்குத் தைத்த சட்டையில் கண்டுபிடித்தார். அப்பாவிடம் சொல்லவில்லை, இறக்கம் தெரியாதபடி இடது தோளுக்குள் இரண்டு மடிப்புக் கேன்வாஸ் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அப்புறம் சித்தப்பா, அத்தை, அக்கா, அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். அளவு நோட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி. புள்ளி என்றால் கேன்வாஸ். கடையில் வாங்கிய சட்டையைப் போட்டால் அந்த வீட்டில் எல்லாருக்கும் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும். "ரெடிமேட்காரனுக்குத் தைக்கவே தெரியாது" என்பது குடும்பத்தின் ஏகோபித்த முடிவு.

ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. அந்தக் கப்பலில் வந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் அங்க அடையாளத்தையும் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் தோள், கழுத்து, மார்பு, கை நீளம் எல்லாம் அவருக்குத் தெரியும். மீதியை அலுவலர் சொன்னார். ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்காரவைத்த வாடிக்கையாளராகவே பேசினார். "இவரு குண்டு. துணி கொஞ்சம் கூட ஆகும்." "இந்தம்மாவுக்குக் கை நீளம் பத்தாது, பாவம்." பதினோரு மாத முடிவில் தோள் இறங்கியவர் கப்பலிலேயே ஒருவர்தான்.

"தோளை வெச்சு வம்சம் சொல்ல முடியாது சார்" என்றார் அலுவலர்.

"பேரை வெச்சு மட்டும் சொல்ல முடிஞ்சுதா மேடம்? தோளு பொய் சொல்லாது. நான்தான் நாப்பது வருஷமா அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்தேன்." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். "மூணு தரம் ஓடியிருக்காரு மனுஷன். அவரை விரட்டிப் பிடிச்ச ஆளை நாங்க நடுமண்டபத்துல மாட்டப்போறோம்."

அக்காவிடம் சொல்லப் போனபோது அழைப்பிதழ் அச்சாகி வந்திருந்தது. அட்டையில் மீசை.

"ஓடுகாலியா நமக்குக் கொள்ளுத்தாத்தா? கங்காணி பேரன்னு சொல்லிக்க உனக்குக் கசக்குதாடா?"

"கசக்கல அக்கா, இடிக்குது. அந்தாளு நிமிந்த ஆளு. ஓடினவருக்குத்தான் இடது தோளு இறக்கம். நம்ம வீட்ல..."

"நம்ம வீட்ல என்ன?"

அக்கா நிமிர்ந்து நின்றார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை "நேரா நில்லு" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர். அவர் போட்டிருந்த ஜாக்கெட்டில் இடது தோளுக்குள் கேன்வாஸ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவு நல்ல தையலைப் பார்த்துக்கொண்டு தம்பியால் வாய் திறக்க முடியவில்லை.

"ஆதாரம் இருந்தா கொண்டா. இல்ல, பேசாம எல்லாருக்கும் துணியத் தெச்சுக் குடு" என்றார் அக்கா.

தைத்தார். நாற்பத்து மூன்று பேருக்கு, ஒரே நீல நிறத்தில். எட்டு வாரம் காப்பகம் பக்கமே போகவில்லை. இரண்டாவது இயந்திரத்தையும் எண்ணெய் விட்டு ஓடவைத்தார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது கூட்டத்தன்று காலை, மண்டபத்து வாசலில். போட்டுப் பார்த்துத் திருத்த யாருக்கும் நேரம் இல்லை.

முதல் நிகழ்ச்சி குடும்பப் படம். புகைப்படக்காரர் மூன்று வரிசையாக நிற்கவைத்துவிட்டுக் காமிராவுக்குள் பார்த்தார். நிமிர்ந்து காமிராத் தாங்கியைப் பார்த்தார். அதன் ஒரு காலை நீட்டினார், மறுபடி குறைத்தார். தரையில் மண்டியிட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"தரை சாய்வா இருக்கா சார் இங்க?"

"போன வருஷம் போட்ட டைல்ஸ் அது" என்றார் மண்டபத்து மேனேஜர் கோபமாக.

"அப்ப ஆளுங்கதான் சாயுறீங்க. கொஞ்சம் லெஃப்ட் தோளைத் தூக்குங்க எல்லாரும்."

தூக்கினார்கள். மூச்சு விட்டதும் இறங்கிவிட்டது. மருமகன்களும் மருமகள்களும் மட்டும் நட்ட கம்பமாக நின்றார்கள். வரிசைக்குள் சலசலப்பு எழுந்தது.

"அம்மா, உனக்குமா?"

"என்னைச் சொல்றியே, உங்க மாமாவப் பாரு."

"பெரியம்மாவுக்கும்தான்!" என்றது பின் வரிசையில் ஒரு குரல்.

முன் வரிசையில் நடு நாற்காலியில் இருந்த அக்கா தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். தடவினார். துணிக்குள் ஒன்றுமில்லை.

"டேய். என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல அக்கா" என்றார் பின் வரிசை ஓரத்திலிருந்து தையல்காரர். "இந்தத் தடவதான் ஒண்ணும் பண்ணல."

அக்கா நாற்காலியிலேயே முழுதாகத் திரும்பி மூன்று வரிசையையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கைக்குழந்தை வரைக்கும் பார்த்தார்.

"அந்த ஓடிப்போன மனுஷன்," என்றார் கடைசியில். "எத்தன தடவ ஓடினாரு?"

"மூணு தடவ."

"பிடிச்சாங்களா?"

"ரெண்டு தடவ."

"யாரு பிடிச்சது?"

தம்பி அக்காவின் கையிலிருந்த அழைப்பிதழின் மீசையைப் பார்த்தார். அக்காவும் குனிந்து பார்த்தார்.

புகைப்படக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், நீங்க ஒருத்தர் நேரா உக்காந்தாப் போதும். மத்தவங்கள நான் கம்ப்யூட்டர்ல நிமித்திக்கிறேன்" என்று அருகில் வந்து, அக்காவின் இடது தோளை இரண்டு விரலால் மெல்ல உயர்த்தினார்.

அக்கா அழைப்பிதழைச் சுருட்டி அந்த விரல்கள்மேல் ஒரு போடு போட்டார்.