சடையன் கேட்காத குயில்

பேய், முனி, காத்துக்கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மழைக்கு ஒதுங்கிச் சுடுகாட்டுக் கொட்டகையில் மூன்று இரவு படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர ஒன்றும் என்னைத் தொடவில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு போர்வெல் லாரி, செங்கல் சூளை, உப்பளம் என்று சுற்றியவன். போன இடமெல்லாம் பேய்க்கதை கேட்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு சோம்பேறியோ ஒரு குடிகாரனோ கட்டாயம் இருப்பான். இதைக் கேட்டுவிட்டு என்னையும் அந்த இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடுங்கள், வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம். கொல்லிமலையில் மிளகு பறிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காரவள்ளியில் பஸ் ஏறினேன். அத்தனை வளைவிலும் பக்கத்து ஆள் என் மேல் வாந்தி எடுக்காமல் வந்ததே பெரிய காரியம். வாழவந்தி நாட்டில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் பத்துப் பன்னிரண்டு வீடு. அதில் வெள்ளையம்மா என்பவளின் தோட்டத்தில் வேலை. கணவன் இறந்துவிட்டான், தம்பி பொன்னனும் கணவனின் தம்பி சடையனும் அவளோடு இருந்தார்கள். வேளைக்கு ராகிக் களியும் மரவள்ளிக் கிழங்கும், படுக்க பலா மரத்தடிக் கொட்டகையில் இரண்டு சாக்கு. அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவன் ஊர் சுற்றக் கூடாது.

தரையில் நின்று எட்டுகிற கொடிகளை ஐந்து நாளில் முடித்துவிட்டோம். மீதி இருந்தது பள்ளத்து ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் வரிசை, கொடி முப்பதடிக்கு ஏறியிருந்தது. ஒற்றை மூங்கிலில் பக்கக் கிளைகளைப் படியாக விட்டு வெட்டிய ஏணியை நான் தூக்கினேன். பொன்னன் அதை வாங்கிக் கீழே போட்டான்.

"இன்னும் குயில் கூவலீங்ணா."

விளையாடுகிறான் என்று நினைத்தேன், இல்லை. மாசியில் முதல் குயில் கூவுகிற வரைக்கும் பள்ளத்தோர மரத்தில் யாரும் ஏணி சாத்தக் கூடாதாம். அதற்காக விடிவதற்குள் எல்லோரும் பலா மரத்தடியில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். அதுகூடப் பரவாயில்லை. கூவியது நிஜம்தான் என்று சொல்ல வேண்டியவன் சடையன். சடையன் பிறவியிலேயே செவிடன், வாய் பேசவும் வராது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெள்ளையம்மா கோபப்படவில்லை.

"காது கேக்கறவங்களுக்கு அவசரம் சாஸ்திங்க. ரெண்டு நாள் பொறுப்பாங்க, மூணாம் நாளு காக்கா கத்துனாலும் குயிலும்பாங்க. அவனுக்கு அந்த எளவு இல்லீங்களே."

"அப்ப அவரு எதுல கேப்பாரு?"

"கையிலதானுங்க."

காதில் கேட்காதது கையில் கேட்குமாம். உண்மையாகவே அந்த மனிதன் தினமும் விடியலில் வந்து பலா மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான், ஏதோ மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. மற்றவர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாதுவான ஆள் என்றும் நினைத்துவிடாதீர்கள். மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு கறுத்தவன், நான் எழுந்திருக்கத் தாமதமானால் சாக்கைக் காலால் எத்துவான், என் டீயை எடுத்து அவனே குடிப்பான். இவன் கையசைவுக்கு ஓர் ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் கிடந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான்கு விடியல் அப்படிப் போயிற்று. எனக்கு ஓர் இடத்தில் பத்து நாளுக்கு மேல் இருந்தால் கால் அரிக்கும்.

பொன்னனுக்கு வேறு அவசரம். "பழுத்துக் கொட்டுதுங்ணா, பாதி குருவி தின்னுருச்சு. எம் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். இந்த வருசம் இதுதான் எங்களுக்கு," என்றான். பிறகு சடையனைப் பார்த்துவிட்டு, "செல்லுல குயில் சத்தம் போட்டுக் காட்டலாம்னாலும் மாமனுக்குக் கேக்காதே," என்று சிரித்தான்.

அவன் விளையாட்டாகச் சொன்னது எனக்குப் பிடித்துக்கொண்டது. குயில் மாதிரி கூவுவதில் நான் கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஐந்தாம் நாள் விடியலில் ஒதுங்கப் போகிறவன் மாதிரி காப்பிச் செடிகளுக்குள் போனேன். பனி, என் கையே எனக்குத் தெரியவில்லை. வாயைக் குவித்து மூன்று தரம் கூவினேன். முதல் இரண்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவதன் பாதியில் பீடி இருமல் முட்டியது, துண்டை வாயில் அழுத்தி விழுங்கிவிட்டேன்.

திரும்பி வந்தால் எல்லோர் முகமும் மாறியிருந்தது. வெள்ளையம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சடையன் மட்டும் மரத்திலிருந்து கையை எடுக்காமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். இல்லை என்று.

"மாமா, ஊரே கேட்டுருச்சு," என்றான் பொன்னன், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும். "உனக்கு மட்டும் தனியா வந்து கூவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்.

வெள்ளையம்மா தயங்கினாள், ஆனால் அவளும் காது உள்ளவள்தானே. டீ குடித்தார்கள், பை தைத்தார்கள், ஏணியை எடுத்துக்கொண்டு பள்ளத்தோரம் போவதற்கு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதல் மரத்தில் பொன்னன் ஏறினான். சடையன் ஓடி வந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான், பொன்னன் காலால் அவன் தோளைத் தள்ளினான். அதன் பிறகு சடையன் இழுக்கவில்லை, ஏணியின் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பொன்னன் பாதி மரத்துக்கு மேல் போய்விட்டான், பனியில் அவன் கால் மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் பள்ளத்துக்குள்ளிருந்து குயில் கூவியது. நம்பினால் நம்புங்கள். அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்க ஒரு சாண் தரை கிடையாது, செங்குத்தான இறக்கம். ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் உடைந்தது, உடைந்த இடத்தில் ஓர் இருமல் எழும்பி உள்ளே போயிற்று. என் தொண்டையை எனக்குத் தெரியாதா. எதிரொலி என்பீர்கள். எந்த எதிரொலி முக்கால் மணி நேரம் கழித்து வரும்?

"பொன்னா, இறங்கு," என்று கத்தினேன். "காலையில கூவுனது குயிலு இல்ல, நான்தான்."

மேலே தெரிந்த கால் படியிலேயே நின்றது. பிறகு, "ங்கொய்யாலே, இரு, எறங்கி வந்து உன்னய வெச்சுக்கறேன்," என்றான் பொன்னன்.

என்னை அடிப்பதற்காக இறங்கினான், அதனால்தான் பிழைத்தான். தரைக்கு எட்டடி இருக்கும்போது ஏணியின் தலை ஈரப் பட்டையில் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. அடியைக் கட்டிப் பிடித்திருந்த சடையன் விடவில்லை. ஏணி திரும்பி இந்தப் பக்கம் விழுந்தது, பொன்னன் சடையன் மேல் விழுந்தான். பொன்னனுக்குக் கணுக்கால் பிசகியது. சடையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளையம்மா என் துணிப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"நீங்க கூவுனதாலதான் ஏறுனான், நீங்க கத்துனதாலதான் எறங்குனான். ரெண்டும் உங்களோடதுதானுங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

கிளம்பும்போது கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும். தோளில் கட்டோடு சடையன் அங்கே உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்கலாமா என்று நின்றேன், செவிடனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவன் நல்ல கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான். ஒன்றை மடக்கினான், இரண்டாவதை மடக்கினான். மூன்றாவது விரல் நிற்கும்போதே கையை வாயின் மேல் அழுத்தி, சத்தமில்லாமல் இருமி, விழுங்கிக் காட்டினான்.

இருமல் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பனிக்குள் என்னை யாரும் பார்க்கவுமில்லை.

இறங்கி வந்த பஸ்ஸில் ஒரு வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். கரிச்சான் குருவி மற்றப் பறவை மாதிரியெல்லாம் கத்தும், அதுதான் என்றார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. இருக்கட்டும். அந்தக் குருவிக்கு என் இருமல் எதற்கு? சடையனிடம் எந்தக் குருவி போய்ச் சொன்னது? அதற்குள் அவருடைய ஸ்டாப் வந்துவிட்டது.

அதற்கப்புறம் மாசி பிறந்தால், எந்த ஊரில் இருந்தாலும், வருடத்தின் முதல் குயிலை இரண்டு கூவல் வரை கேட்பேன். மூன்றாவதுக்கு முன்னால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பீடியையும் விட்டுவிட்டேன், ஆகவே இருமல் என் பக்கத்திலிருந்து வர வழியில்லை.

இந்த வருடம் கரூர்ப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் வேலை. வெளியே வேப்ப மரத்தில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். குயில் ஒன்று கூவியது, இரண்டு கூவியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டேன், ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. ஆனால் முதுகை மரத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். மரம் முதுகில் லேசாக ஓர் உதறு உதறியது, யாரோ துண்டை வாயில் அழுத்திக்கொண்டு விழுங்கின மாதிரி.