பன்னிரண்டு சான்றிதழும் மூன்றாம் மாடியும்

தப்பு உங்கள் மேல்தான். பல்கலைக்கழக அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களைத்தான் சொல்கிறேன். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் விளக்கக் கடிதம் கேட்பீர்கள். நான் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, தேறவைத்த பன்னிரண்டு பேரின் சான்றிதழ் ஆறு வாரமாக உங்கள் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. அதில் ஒன்று காஞ்சனாவுடையது. மண்ணூர்ப் பெண், ஒப்பந்தக் கிளார்க். வருகிற முப்பதாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. சான்றிதழ் கையில் இருந்தால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி ஏதாவது கம்பெனி லைனில் நைட் ஷிப்ட்தான்.

ஃபைலோடு மல்லுக்கட்டியே நரைத்துப்போன மற்ற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி நிதி நிர்வாகம் என்பது, பேராசிரியர் அரும்பாடுபட்டு வாங்கிவரும் பணத்தை அந்தப் பேராசிரியரிடமிருந்தே காப்பாற்றும் தொழில். எதற்கு வந்ததோ அதற்குத்தான் செலவழிக்கணும். செலவழித்ததற்குக் காகிதம் காட்டணும். இதைப் பல்கலைக்கழக ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது பத்தாவது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்று, ஸ்டோர்ஸுக்குப் போய், பர்ச்சேஸில் உட்கார்ந்து, பதினைந்து வருடம் சப்ளையர்களிடம் ஏமாந்தும் கத்தியும் கற்றதுதான் என் பாடப்புத்தகம்.

மூன்று கடை, ஒரு கறை

பெரிய பொருள் வாங்குவதென்றால் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடணும். முதல் நாள் பாடமே அதுதான். பன்னிரண்டு பேரில் ஒருவர், திருநெல்வேலிக்காரர் முத்துப்பாண்டி, மறுநாளே மூன்று கொட்டேஷனோடு வந்து நின்றார். மூன்று லெட்டர்பேட், மூன்று முத்திரை, எல்லாம் சரி. மூன்று தாளிலும் வலது மூலையில் ஒரு டீக் கிளாஸின் வட்டக் கறை. அடுக்கிப் பார்த்தேன். மூன்று வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சுப்போல உட்கார்ந்தன.

"ஒரே கடையில உக்காந்து மூணையும் எழுதி வாங்கினியாய்யா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை வகுப்பு நின்றுவிட்டது. முத்துப்பாண்டிக்கு முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"மூணு கடைக்காரவுகளும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்காவ மேடம். ஒத்துமையா இருக்கது ஒரு குத்தமா?"

பேரம் பேசாத சூப்பிரண்டு

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கியதும் ஷேர் ஆட்டோக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போட்டுவிட்டுத்தான் நான் வகுப்புக்குள் நுழைவேன். தொண்டைக்கு அது பயிற்சி. அப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினார் காஞ்சிபுரத்து ஆபீஸ் சூப்பிரண்டு வரதராஜன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும். நான் கடைக்காரி, அவர் வாங்க வந்தவர் என்று ஒரு ஒத்திகை.

"மைக்ராஸ்கோப் நாற்பதாயிரம்" என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரிம்மா" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், அநியாய விலை, உன் கடையே வேணாம்னு எழுந்து போங்க சார்!" என்றேன். எழுந்து போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து ஒரு மோர்ப் பாக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்கும், குடிங்கம்மா. விலை நீங்க சொன்னதே இருக்கட்டும்."

சாண் அளவு

ஒரு பேராசிரியர் உலோகத்தைச் சூடாக்கிச் சோதிக்க ஒரு பெரிய அடுப்பு வாங்கினார். விலைப்புள்ளி, ஒப்புதல் எல்லாம் பக்கா. லாரியும் வந்தது. அடுப்பு, ஆய்வகக் கதவைவிட ஒரு சாண் அகலம். கதவை யாரும் அளக்கவில்லை. சுவரை இடிக்கலாம் என்றால், உபகரணம் வாங்க வந்த பணத்தில் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க முடியாது. அடுப்பு வராந்தாவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

பேராசிரியர் என்னிடம் வரப் பயந்து, காஞ்சனாவிடம் போய் மெதுவாக, "கதவையும் உபகரணம்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"எழுதிக்கலாம் சார். அப்பால அந்தக் கதவுக்கும் மூணு கொட்டேஷன் கேப்பாங்களே, இன்னா பண்ணுவீங்க?"

ஹெல்மெட்

நிதியில் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் எண் ஸ்டிக்கர் ஒட்டணும் என்று சொன்னது நான்தான். காஞ்சனா ஒரே மதியத்தில் ஆய்வகம் முழுக்க ஒட்டி முடித்தாள். மேசைமேல் இருந்த, அடுப்பு வாங்கிய அதே பேராசிரியரின் சொந்த ஹெல்மெட்டும் சேர்த்து. மாலையில் அதைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தவரை, பல்கலைக்கழகப் பொருள் வெளியே போகிறதென்று வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம் என்றார் பேராசிரியர். காஞ்சனா ரிஜிஸ்டரோடு ஓடி வந்தாள்.

"ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு சார். சொந்தக் காசுல வாங்குன பில்லு காட்டுங்க, அந்த வரிய அடிச்சிடுறேன். அதுவரைக்கும் வூட்டுக்கு எடுத்துனு போணும்னா டெய்லி கேட் பாஸ் போடுங்க."

ஒன்பது நாள் போட்டார்.

எனக்கு ஒரு தேர்வு

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், மூன்றாம் மாடி. சான்றிதழ் ஃபைலில் நீங்கள் எழுதிய குறிப்பு: பயிற்சியாளர் இதே பயிற்சியில் சான்றிதழ் பெற்றவரா? படியேறி வந்து கேட்டேன். "இதுதான் முதல் வகுப்பு. நான் யாரிடம் வாங்குவது?" "சான்றிதழ் பெற்ற யாரிடமாவது" என்றீர்கள். அந்த 'யாராவது' ஆகவேண்டிய பன்னிரண்டு பேரின் சான்றிதழும் கையெழுத்தில்லாமல் உங்கள் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தன. நான் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். கீழே கேண்டீனில்கூட நினைவு வைத்திருக்கிறார்கள்.

காஞ்சனா கத்தவில்லை. நான் அவர்களுக்கு வைத்த அதே கேள்வித்தாளைக் கொண்டுவந்தாள். என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் எழுதவிட்டாள். ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால்தான் பாஸ். அந்தச் சட்டத்தைப் போட்ட பாவியும் நான்தான். நாற்பத்தொன்று வந்தது. இன்னும் இரண்டு மார்க் போடு என்று அரைமணி நேரம் பேரம் பேசினேன். அவள் வேலையே ஊசலாடும்போதுகூட அரை மார்க் ஏற்றவில்லை.

"கோவத்துல ஏழாவது கேள்விய முழுசாப் படிக்காமயே எழுதிகிறீங்க மேடம். பேப்பர்ல இல்லாதது நடக்கவே இல்லன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

அந்த விடைத்தாளையும் ஃபைலில் கோத்து அனுப்பிவிட்டேன். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியே பிழைத்தவள் சொல்கிறேன், இதில் பேரமே கிடையாது: பன்னிரண்டு கையெழுத்து, ஒன்றுகூடக் குறையாமல், காஞ்சனாவுடையதை முதலில் எடுத்து, முப்பதாம் தேதிக்குள் போடுங்கள்.