பத்து செகண்டில் பத்துப் பொருத்தம்

பழைய கம்ப்யூட்டருக்குப் புது மூளை வைப்பது என் பிழைப்பு. செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவே, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கி டிவியில் மாட்டிப் பார்ப்பது, அதன் பிராசசரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதிதாக வந்திருக்கும் ஆக்சிலரேட்டர் கார்டை உட்கார வைப்பேன். பழையதைவிட நூறு மடங்கு வேகமாக ஓடும். கடை ஒத்தக்கடையில், சால்டரிங் வேலைக்குக் கூட்டாளி சாகுல். மிக்சியோ வாட்சோ, எதையாவது திறந்து பார்த்துப் பிழைக்கிறவரென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். ஒழுங்காகச் செய்த வேலைக்குத் திட்டு வாங்கியிருப்பீர்கள்.

பேராசிரியரின் பந்து

பசுமலையில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர். மட்டையால் பந்தைத் தட்டும் விளையாட்டு ஒன்றை முப்பது வருஷமாக ஆடுகிறவர். கார்டு போட்டு, நானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினார். ஆட்டம் முடிந்தது என்றது திரை. பந்து வந்ததையே நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அடுத்த மூன்று தடவையும் இதே கதி.

அந்தக் காலத்து விளையாட்டுக்குத் தனியாக நேரக் கணக்கு கிடையாது. பிராசசரின் வேகம்தான் பந்தின் வேகம். இது எனக்குத் தெரியும், சொல்ல மறந்துவிட்டேன். அவர் அதிர்ந்துபோய்த் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கம்ப்யூட்டர வேகமாக்கிட்டீங்க தம்பி. என் கைய யாரு வேகமாக்குறது?"

போர்வைக்குள் ஒரு பெட்டி

உசிலம்பட்டி ஒச்சப்பன் அண்ணன் தன் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஜோசியர். அவருடைய மச்சினர் எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்த புரோகிராம் அதில் ஓடுகிறது. பெண், பையன் பிறந்த நேரங்களைத் தட்டினால் பொருத்தம் பார்த்துத் தாளில் அடித்துக் கொடுக்கும். ஒரு ஜோடிக்குப் பதினெட்டு நிமிஷம்.

அதுதான் சிக்கல். சந்தை நாளில் வரும் வெளியூர்க்காரர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து, பஞ்சாங்கம் பார்த்துக் கையால் கணக்குப் போடும் பக்கத்துக் கடைக்காரரிடம் போய்விடுகிறார்கள். இப்படியே போனால் ஆவணிக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்றார். "புதுசா ஒண்ணு வாங்கிரலாமேண்ணே?" என்று சாகுல் கேட்டான். அண்ணன் பெட்டியைத் தடவியபடி சொன்னார்: "சனம் நம்புறது என்னைய இல்லப்பா, இந்தப் பெட்டியத்தான்."

கோழி விலை

அடுத்த சந்தை நாளன்று நானே போய்ப் பொருத்தினேன். முதலில் வந்தது ஒரு விவசாயக் குடும்பம். அப்பா, அம்மா, மூத்த மகன். விவரம் தட்டிய பத்தாவது செகண்டில் பிரிண்டர் கறகறவென்று அடிக்க ஆரம்பித்தது. அவர்கள் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

அந்த அப்பா தாளைக் கையில் வாங்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே பத்து செகண்டு, அதே தாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்; பின்னாலேயே பெஞ்சில் காத்திருந்தவர்களில் பாதிப் பேரும் எழுந்துவிட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்ததற்காக வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவதை அன்றுதான் பார்த்தேன். வாசலில் நின்று அவர் சொல்லிவிட்டுப் போனது: "ஒரு புள்ள வாழ்க்கையா. கோழிக்கு வெல கேட்டாக்கூட இதவிட யோசிச்சுச் சொல்லுவாய்ங்க."

தப்பான கணக்கு

மூன்று வாரம் கழித்து அண்ணனிடமிருந்து போன். "ஒங்க கார்டு தப்பாக் கணக்குப் போடுதுன்னு ஊரே பேசுது தம்பி. வெரசா வாங்க." நானும் சாகுலும் ஓடினோம். பழைய பிராசசரை மாட்டி ஐந்து ஜோடி, புதியதை மாட்டி அதே ஐந்து ஜோடி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

"தப்பே இல்லையேண்ணே," என்றேன். "தெரியும்," என்றார் அவர். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, தலை நிமிராமல் சொன்னார். போன வாரம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்திருக்கிறார்கள். பெட்டி எட்டுப் பொருத்தம் என்று அடித்தது. இவரும் தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் எழுந்து போகும்போதுதான் அந்தப் பெண்ணின் இருண்டுபோன முகத்தைப் பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, பெட்டி தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லி அவர்களை நிறுத்தியிருக்கிறார்.

இத்தனை நாளும் அந்தப் பெட்டிதான் பொருத்தம் பார்க்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். சாகுல் பெட்டியின் பின்பக்கம் துளை போட்டு, பழைய வேகத்துக்கு மாற்ற ஒரு சுவிட்ச் வைத்தான். அண்ணன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்து வந்தவர்களுக்கு டீ சொல்லி அனுப்பினார். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பெட்டி கட்டத்தப் பாக்கும் தம்பி. அந்தப் பதினெட்டு நிமிசத்துலதான் நான் புள்ள மொகத்தப் பாப்பேன்."

வேகத்தை விற்கக் கடை போட்டவன் நான். இப்போது அதை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் ஒரு கார்டைக்கூட வெளியே அனுப்புவதில்லை.