கொரட்டூர் தாண்டி நான் தூக்கிப் போட்ட மாத்திரை

மஞ்சள் கொம்ப விளக்குல காட்டினா நுனி கருகி புகை வரும் பாருங்க... அதை மூக்குல இழுத்தா கண்ணுல தண்ணி கொட்டும். தொண்டை வரைக்கும் எரியும். நல்லெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து கருகற வாசனை.

எனக்கு ஞாபகம் இருக்கற கடைசி வாசனை அதுதான்.

அப்போ பட்டாபிராம்ல ஒரு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தோம். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் வேலை. நான் சென்ட்ரல் பக்கம் ஒரு ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு தங்கின குழந்தை. அதனால தும்மினா கூட பயம் எனக்கு.

ஏழாம் மாசம்... சளின்னு ஆரம்பிச்சது சைனஸ்ல போய் நின்னுச்சு. குனிஞ்சா நெத்தி கழண்டு கீழ விழுந்துடும் போல வலி. கன்னமெல்லாம் கனக்கும். மூக்கு ரெண்டும் சிமெண்ட் வெச்சு அடைச்ச மாதிரி.

ஆபீஸ் போற லோக்கல் ட்ரெயின்ல, எங்க லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல வைத்தியத்துக்கா பஞ்சம்? ஆளாளுக்கு ஒண்ணு. நொச்சி இலை போட்டு ஆவி பிடி. சுக்கு உரசி பத்து போடு. மஞ்சள் கொம்ப சுட்டு புகைய இழு. மிளகு தூக்கலா ரசம் வை. தலையணைக்குள்ள நொச்சி இலைய சொருகிட்டு படு. ஒண்ணு விடாம செஞ்சேன். பொய் சொல்லக் கூடாது, ஆவி பிடிச்சா அரை மணி நேரம் நல்லா மூச்சு விட முடியும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி தான்.

பத்து நாளாகியும் விடல, ஜுரம் வேற. அவரு வம்படியா கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினாரு. டாக்டரம்மா ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் குடுத்து பொறுமையா சொன்னாங்க, இது கர்ப்பிணிங்களுக்கு குடுக்கறதுதான், பயமில்ல, கோர்ஸ முழுசா முடிங்கன்னு. நானும் மண்டைய ஆட்டிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ட்ரெயின்ல அந்த மாத்திரை அட்டைய மலர் அக்காகிட்ட காட்டினேன். மலர் அக்கான்னா, திருநின்றவூர்லயே ஏறி, ஹேண்ட்பேக்க வெச்சு எனக்கு சீட் புடிச்சு வெக்கிற அக்கா. ரெண்டு புள்ள பெத்தவங்க. அதனால எங்க பெட்டில அவங்க சொல்றதுதான் சட்டம்.

"இன்னாடி நீ... வயித்துல ஒண்ண வெச்சுகினு ஆன்டிபயாடிக்க முழுங்குவியா? ஆறு வருஷம் கழிச்சு கெடைச்சுகீது. யோசிச்சுக்கோ."

அவ்ளோதான் சொன்னாங்க. கொரட்டூர் தாண்டினதும் அட்டையோட ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டேன். அக்காவ குத்தம் சொல்ல மாட்டேன். பாசத்துல சொன்னாங்க. கை என்னோடது.

மாத்திரை போட்டியான்னு அவரு தினமும் போன் பண்ணி கேப்பாரு. போட்டேன்னு சொல்லுவேன். கூசாம சொல்லுவேன்.

வலி எப்படியோ தானா கொறைஞ்சுது. அக்கா ஜெயிச்சுட்டாங்கன்னே நெனச்சேன்.

அப்புறம் ஒருநாள் காலைல, அடுப்புக்கு ரெண்டடி தள்ளி, முதுகு காட்டி உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டிருக்கேன். கீழ் வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க படியேறி ஓடி வராங்க. பால் பொங்கி, வத்தி, பாத்திரமே தீஞ்சு போயிருக்கு. கீழ் வீடு வரைக்கும் போன வாசனை எனக்கு தெரியல. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். புள்ளைய பெத்துட்டா மூக்கு சரியாகிடும்னாங்க, நானும் நம்பினேன்.

பொண்ணு பொறந்தா. மூணு கிலோ. ஒரு குறையும் இல்ல.

பாரிவாக்கத்துலேர்ந்து வந்த நாத்தனார் பாப்பா கழுத்துல மூக்க வெச்சவ எடுக்கவே இல்ல. வந்தவங்க எல்லாரும் அப்படித்தான். நானும் வெச்சு இழுத்தேன்... மூச்சு உள்ள போச்சு. வேற ஒண்ணும் போகல.

எப்படிங்க இருக்கு, சொல்லுங்களேன்னு அவர கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது... பாப்பா வாசனைதான்."

சிரிச்சுகினே சொன்னவரு என் மூஞ்சிய பார்த்துட்டு நிறுத்திட்டாரு. அன்னிக்குதான் மாத்திரை கதைய சொல்லி அழுதேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "நான் தெனமும் கேட்டேனேடி?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்... கைக்குழந்தையோட ஈஎன்டி டாக்டர்கிட்ட ஓடினோம். சைனஸ முழுசா ஆத்தாம விட்டதுல வாசனை நரம்பு கெட்டுப் போச்சு, ரொம்ப லேட், முயற்சி பண்ணலாம்னாரு. ஸ்ப்ரே, மாத்திரை, எல்லாம் பார்த்தாச்சு. போனது போனதுதான். அந்த மாத்திரையால குழந்தைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதாம். அதையும் சொன்னாரு.

கொரோனா வந்தப்ப ஊரே வாசனை தெரியலன்னு அழுதுச்சு. எங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு ரெண்டு மூணு வாரத்துல திரும்பி வந்துடுச்சு. காபி மணக்குதுடின்னு போன் பண்ணி சொன்னாங்க. சந்தோஷம்னேன். வயிறெரிஞ்சுது எனக்கு.

அன்னிக்கு ஒரு மாத்திரைக்கு அப்படி பயந்தேன். இன்னிக்கு கேஸ் மூடினேனான்னு நாலு தடவ போய் பார்க்கறேன், மாவு புளிச்சுதான்னு மூடிய திறந்து அவர்கிட்ட நீட்டறேன். இன்னமும் அதே லோக்கல்தான். போன வாரம் புதுசா ஒரு பொண்ணு, ஆறு மாசமாம், மூக்கடைச்ச குரல்ல பேசறா. பெட்டி முழுக்க வைத்தியம் ஆரம்பிச்சுடுச்சு. டாக்டர் குடுத்தத போடும்மான்னு சொன்னேன். என்னை பார்த்து லேசா சிரிச்சுட்டு மலர் அக்கா பக்கம் திரும்பிகினா.

பொண்ணுக்கு இப்போ எட்டு வயசு. காலைல தலை வாரி விடறப்ப உச்சில மூக்க வெச்சு ஒரு இழு இழுப்பேன். பழக்கம். கூசுதும்மான்னு ஓடிடுவா.

அந்த பாப்பா வாசனை அஞ்சாறு மாசம்தான்டி, சோறு ஊட்ட ஆரம்பிச்சா போயிடும்னு நாத்தனார் அப்பவே சொன்னா. அப்படின்னா நாளைக்கே எனக்கு மூக்கு திரும்பி வந்தாலும்... என் பாப்பா எப்படி மணந்தாள்னு எனக்கு தெரியப் போறதில்ல.