ரேடியோவுக்குள் இருந்த காந்தம்

கணவர் இறந்தபின் எங்கள் செம்மநத்தத்து வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான். காந்தத்தருகே வைத்த விதை வறட்சியைத் தாங்கும் என்று ஒருநாள் அதில் சொன்னார்கள். காந்தத்துக்கு எங்கே போவது? ஏற்காட்டு ரேடியோ கடைக்காரரைக் கேட்டேன்.

"ஸ்பீக்கருக்குள்ளயே இருக்குதுங்க அக்கா."

அவசரக்காரி நான். அன்றே என் ரேடியோவின் ஸ்பீக்கரைப் பிய்த்துக் காந்தத்தை எடுத்து, பீன்ஸ் விதை முழுவதையும் அதனருகே வைத்து விதைத்தேன். மழையில்லாத அந்த வருடமும் செடி வாடவில்லை. காந்தமா, நான் சுமந்து ஊற்றிய தண்ணீரா? ஒப்பிட ஒரு விதைகூட மிச்சமில்லை.

ஊமையாகிவிட்ட ரேடியோவைச் சரிசெய்யக் கடைக்குக் கொண்டுபோனேன். "இந்த ஸ்பீக்கர் இப்ப வர்றதில்லீங்களே!"

இப்போது பாதி விதையைக் காந்தமில்லாமல் விதைக்கிறேன். சாயங்காலச் செய்தி நேரத்தில் இரண்டு பாத்திக்கும் நடுவே உட்கார்ந்து, அன்று நடந்ததைச் சத்தமாகச் சொல்கிறேன். வழியில் போகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும்.