வெள்ளைக் குதிரைக்கு வைத்த நிறைகுடம்

டொரொன்டோவிலேயே ஒரு வெள்ளைக் குதிரைக்குக் கும்பம் வைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நாங்கள் வந்து சேர்ந்த முதல் கோடை. ஒரு ஐரிஷ் கிழவரின் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தோம். ஊர்ச் சண்டை முடியும் வரைக்கும் என்று சொல்லித்தான் அப்பா அதை வாடகைக்கு எடுத்திருந்தார். பொங்கலுக்கு ஊரில் நிற்போம் என்பது அவருடைய கணிப்பு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பாய்ந்து போய்ப் பார்த்தேன். பட்டுக் கொடிகள், குழல்கள், ஆளையே மறைக்கிற பெரிய மேளம், தோளில் ஆரஞ்சுப் பட்டி போட்ட ஆட்கள், நடுவில் வெள்ளைக் குதிரையில் பழைய காலத்து ராசா வேஷத்தில் ஒருவர். எனக்குத் தலைகால் தெரியவில்லை. “அம்மா, சாமி வருது” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன்.

எந்தச் சாமி என்று விசாரித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை அம்மா. வாசலால் ஊர்வலம் போனால் நிறைகுடம் வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஸ்டூலில் வெள்ளைத் துணி, செம்பு நிறையத் தண்ணீர், மேலே தேங்காய், பக்கத்தில் சந்தனக் கிண்ணம். மாவிலைக்கு எங்கே போவது? வீட்டுக்காரரின் மேப்பிள் மரத்தில் நாலைந்து இலை ஒடித்துச் செருகினார். குதிரைக்காரர் எங்கள் வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, அம்மாவுக்குத் தலைகுனிந்தார். ஐயோ, அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு, அந்தப் புளுகத்தை என்னவென்று சொல்ல.

திரும்பினால் வீட்டுக்காரர் நிற்கிறார், முகம் சிவந்து, ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு. அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. “அவருக்கும் கொஞ்சம் சந்தனம் குடு பிள்ளை” என்றார்.

வேலையால் வந்த அப்பாவிடம் கிழவர் உடனே வீட்டை விடச் சொன்னார். போவதற்கு எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அப்பா கிழவரைப் படியில் இருத்தி விஷயத்தைக் கேட்டு எங்களுக்குச் சொன்னார்.

“அயர்லாந்துக்காரர் இங்கிலீசுக்காரரிட்டைத் தங்களைத் தாங்களே ஆளக் கேட்டிருக்கினம். உந்த ஊர்வலக்காரற்றை ஆக்கள் விடமாட்டம் எண்டு சுடுறதுக்குத் துவக்கு இறக்கினவையாம். அந்தக் குழப்பத்திலதான் இவரின்ரை தேப்பன் ஊரை விட்டு இங்கை வந்தவராம்.”

“தெரியாமல் செய்துபோட்டம் எண்டு சொல்லுங்கோ,” என்றார் அம்மா. “எங்கடை ஆக்களும் தங்களைத் தாங்களே ஆளத்தானே கேட்டவை.”

அப்பா அப்படியே சொன்னார். கிழவர் செம்பில் சரிந்திருந்த தேங்காயை நிமிர்த்தி வைத்தார். பிறகு, இந்த வீட்டிலேயே இருங்கள் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உங்கள் அப்பா எப்போது ஊருக்குத் திரும்பினார் என்று அப்பா கேட்டார். கிழவர் தலையை ஆட்டினார். திரும்பவில்லையாம், இங்கேதான் செத்தாராம். அங்கே இன்றைக்கும் குண்டு வெடிக்கிறதாம்.

அப்போ நீங்கள் எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்றார் கிழவர். அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குச் சொன்ன பதிலைத் தமிழிலும் சொன்னார்.

“பிள்ளை படிச்சு முடிக்குமட்டும்.”

எனக்கு அப்போது எட்டு வயது. வீடு போகவில்லை என்ற சந்தோஷத்தில் படியில் ஏறி ஏறிக் குதித்தேன். அம்மா ஏன் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை.